ஃபோவியான் கேமராவில் எத்தனை மெகாபிக்சல்?

2007ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த சிக்மா எஸ்டி14 கேமராவை அந்நிறுவனம் 14 மெகாபிக்சல் கேமரா என்று விளம்பரப்படுத்தியது. மாதிரியின் பெயரிலேயே அந்த 14 ஏறியிருந்தது. அதில் எடுத்த ரா கோப்பை, அதாவது கேமராவின் அளவீடுகளை அப்படியே சேமித்த கோப்பை, கணினியில் முழு அளவில் திறந்தால் படத்தின் அகலம் 2652 பிக்சல், உயரம் 1768 பிக்சல். இரண்டையும் பெருக்கினால் 46 இலட்சத்து 88 ஆயிரத்துச் சொச்சம், அதாவது 4.7 மெகாபிக்சல் மட்டுமே வருகிறது. மீதி எங்கே என்று கேட்பவருக்கான விடை விவரக்குறிப்பு அட்டவணையிலேயே அடைப்புக்குள் இருந்தது: 2652 × 1768 × 3 அடுக்குகள்.

இந்த எண்ணில் கணக்குப் பிழை எதுவும் இல்லை. லென்ஸுக்குப் பின்னால் ஒளியைப் பெறும் சில்லான சென்சாரில், ஒளியை அளக்கும் உறுப்புகள் 1.4 கோடி உண்மையாகவே இருந்தன. கோப்பில் 47 இலட்சம் பிக்சல் இருந்ததும் உண்மை. வெவ்வேறான இந்த இரண்டையும் தொழில்துறை பிக்சல் என்ற ஒரே பெயரால் அழைத்து வந்ததால்தான் ஒரே கேமராவுக்கு ஒன்றுக்கொன்று மும்மடங்கு வேறுபடும் இரண்டு அளவுகள் கிடைத்தன. எஸ்டி14இல் இருந்தது ஃபோவியான் என்ற மூன்று அடுக்குச் சென்சார்; 2002 முதல் 2014 வரை வந்த ஃபோவியான் சென்சார் கேமராக்களை வரிசையாக எடுத்துப் பார்த்தால், இந்தப் பெயர்க் குழப்பம் எங்கே தொடங்கி எவ்வளவு தூரம் போயிற்று என்பது தெளிவாகும்.

எண்ணப்படுபவை எவை

டிஜிட்டல் கேமராவுக்குள் எண்ணத்தக்கவை மூன்று. சென்சாரின் பரப்பில் வரிசையும் நிரலுமாக அமைந்த இடங்கள் முதலாவது. துறை நூல்களில் போட்டோசைட் என்றும் சென்செல் என்றும் வழங்கும் இவற்றை இக்கட்டுரை முழுவதும் உணர்புள்ளி என்று குறிப்பிடுகிறேன். அந்த இடத்தில் விழும் ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேர்த்துவைக்கும் ஒளிடையோடு இரண்டாவது. ஓர் உணர்புள்ளியில் ஓர் ஒளிடையோடு இருக்கலாம், பக்கத்தில் பக்கமாக இரண்டு இருக்கலாம், ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்றும் இருக்கலாம். செயலாக்கம் எல்லாம் முடிந்து கோப்பில் எழுதப்படும் பிக்சல் மூன்றாவது. வண்ணப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று மதிப்புகள் உண்டு.

முதல் இரண்டும் சிலிக்கானில் இருக்கும் பொருள்கள். அவற்றை மைக்ரானில் அளக்கலாம். அவை சூடாகும், பழுதாகும், ஒளி மிகுந்தால் நிரம்பி வழியும். கோப்பிலுள்ள பிக்சலுக்கு நீளமும் கிடையாது, அகலமும் கிடையாது. அது வெறும் எண்தொகுதி. தாளில் அச்சிடும்போதோ திரையில் காட்டும்போதோதான் அதற்கு ஓர் அளவு கிடைக்கிறது. ஆகவே "பிக்சல் அளவு 9.12 மைக்ரான்" என்று எழுதுபவர் உணர்புள்ளியைப் பற்றிப் பேசுகிறார், "அங்குலத்துக்கு 300 பிக்சல்" என்று எழுதுபவர் கோப்பைப் பற்றிப் பேசுகிறார். ஒரே விவரக்குறிப்பில் இந்த இரண்டு தொடர்களும் அடுத்தடுத்து வருவதுண்டு.

பிக்சல் என்ற சொல் அச்சில் முதலில் காணப்படுவது 1965இல், அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் விண்கலப் படங்களைக் கணினியில் செயலாக்கிய ஃபிரெட் பில்லிங்ஸ்லியின் எழுத்தில். அங்கே அது படத்தின் கூறு என்ற பொருளில்தான் வந்தது. பிறகு அது சென்சாரின் கூறுக்கும் பெயராயிற்று. இந்தச் சொல்லின் வரலாற்றை 2006இல் விரிவாக ஆராய்ந்து எழுதிய ரிச்சர்ட் லயன், ஃபோவியான் நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானியாக இருந்தவர். அந்த ஆர்வம் தற்செயலாக எழுந்தது என்று எனக்குத் தோன்றவில்லை.

பேயர் சென்சாரில் கிடைத்த வசதி

குழப்பம் நெடுங்காலம் வெளியே தெரியாமல் இருந்ததற்குப் பேயர் அமைப்பு காரணம். ஈஸ்ட்மன் கோடாக்கில் பணியாற்றிய பிரைஸ் பேயருக்கு 1976இல் கிடைத்த காப்புரிமையின்படி, ஒவ்வோர் உணர்புள்ளியின் மீதும் ஒரு நிற வடிகட்டி வைக்கப்படுகிறது; மொத்தத்தில் பாதி பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். இன்றைக்கு விற்கும் கேமராக்களில் மிகப் பெரும்பாலானவை இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன.

நான்குக்கு நான்கு என்ற ஒரு சிறு துண்டை எடுத்துக்கொள்வோம். அதில் 16 உணர்புள்ளிகள், 16 ஒளிடையோடுகள். எட்டு பச்சையை அளக்கும், நான்கு சிவப்பை, நான்கு நீலத்தை. ஆக அளவீடுகள் 16. கோப்பிலோ இதே துண்டுக்கு 16 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் மூன்று மதிப்பு, மொத்தம் 48 மதிப்புகள். அளந்தது 16, மீதி 32 மதிப்புகள் அக்கம்பக்கத்து அளவீடுகளிலிருந்து கணித்து நிரப்பப்பட்டவை. கோப்பில் எழுதப்படும் வண்ண மதிப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு கணிப்பு என்ற செய்தி எந்த விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் வந்ததில்லை.

உணர்புள்ளி, ஒளிடையோடு, பிக்சல் மூன்றின் எண்ணிக்கையும் பேயர் சென்சாரில் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. 2002இல் வந்த கேனான் டி60 கேமராவில் 3072 × 2048, அதாவது 63 இலட்சம் உணர்புள்ளிகள் பங்கேற்றன. கோப்பிலும் 63 இலட்சம் பிக்சல். எதை எண்ணினாலும் 6 மெகாபிக்சல் வந்ததால் எதை எண்ணுகிறோம் என்று சொல்லவேண்டிய தேவை எழவில்லை.

இந்த ஒற்றுமை முதலில் உடைந்தது ஃபோவியானில் அல்ல. 2000ஆம் ஆண்டில் ஃபியூஜிஃபில்ம் வெளியிட்ட ஃபைன்பிக்ஸ் 4700 கேமராவின் சென்சாரில் 24 இலட்சம் உணர்புள்ளிகள் இருந்தன; அது எழுதிய கோப்போ 2400 × 1800, அதாவது 43 இலட்சம் பிக்சல். அந்தச் சென்சாரின் உணர்புள்ளிகள் 45 பாகை திரும்பி அமைந்திருந்தன. கோலம் போடுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்: வழக்கமான சென்சார் நேர்ப்புள்ளி, இது இடைப்புள்ளி. இடைப்புள்ளி அமைப்பை நேர்க்கட்டங்கள் கொண்ட கோப்பாக மாற்ற வேண்டுமானால் புள்ளிகளுக்கு இடையிலுள்ள காலி இடங்களையும் கணித்து நிரப்ப வேண்டும். அப்படி நிரப்பும்போது எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிக்கிறது. அமைப்புக்குச் சில நன்மைகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 4.3 என்ற எண்ணை முன்னிறுத்தியபோது வாங்குபவர் அதைப் போட்டி நிறுவனத்தின் 3.3 மெகாபிக்சல் கேமராவுடன்தான் ஒப்பிட்டார், அந்த 3.3 உணர்புள்ளிகளின் எண்ணிக்கை, இந்த 4.3 கோப்பின் எண்ணிக்கை.

2001இல் ஜப்பானியக் கேமரா தொழில்துறைச் சங்கம் விவரக்குறிப்புகளை எழுதுவதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. அச்சங்கத்தின் இடத்தில் 2002இல் அமைந்த சிபா அமைப்பு அதைத் தொடர்ந்தது. இதன்படி முன்னிலைப்படுத்த வேண்டியது "பயனுறு பிக்சல்" எண்ணிக்கை: லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் பெற்று, இறுதிப் படத்தின் தரவில் பங்கேற்கும் சென்சார் பிக்சல்கள் மட்டும். ஓரத்தில் ஒளி படாமல் மறைக்கப்பட்டு, கருமை அளவைச் சரிபார்க்கப் பயன்படும் வரிசைகள் இதில் சேரா. கோப்பின் அளவு "பதிவு பிக்சல்" என்று தனியே குறிக்கப்படும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு பெயரிலும் பிக்சல் என்ற சொல்லை அப்படியே விட்டுவைத்தார்கள். அடைமொழியை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் பெட்டியின் மேல் அச்சிட விற்பனைப் பிரிவுக்கு எந்தத் தடையும் இல்லாமற்போயிற்று.

ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று

கலிபோர்னியாவின் ஃபோவியான் நிறுவனம் எடுத்துக்கொண்டது முற்றிலும் வேறொரு வழி. நீல ஒளி சிலிக்கானின் மேற்பரப்பை ஒட்டியே உறிஞ்சப்படும். பச்சை இன்னும் சற்று உள்ளே செல்லும். சிவப்பு ஆழமாக இறங்கும். இந்த இயல்பையே வடிகட்டியாகக் கொண்டு, ஒரே இடத்தில் சுமார் 0.2, 0.6, 2 மைக்ரான் ஆழங்களில் மூன்று ஒளிடையோடு சந்திகளை அமைத்தார்கள். மேலே தனி வடிகட்டி தேவையில்லை. ஒளியை வீணாக்கவும் வேண்டாம். ஓர் உணர்புள்ளியிலேயே மூன்று அளவீடுகள் கிடைத்துவிடும்.

இந்தச் சென்சாரைக் கொண்ட முதல் எஸ்எல்ஆர் கேமரா, 2002இல் வந்த சிக்மா எஸ்டி9. உணர்புள்ளிகள் 2268 × 1512, அதாவது 34.3 இலட்சம். ஒவ்வொன்றும் 9.12 மைக்ரான் இடைவெளியில். ஒளிடையோடுகள் இதன் மும்மடங்கு, 1.03 கோடி. கோப்பில் 34.3 இலட்சம் பிக்சல். நான்குக்கு நான்கு துண்டில் பார்த்தால் உணர்புள்ளி 16, அளவீடு 48, பிக்சல் 16, மதிப்பு 48. இடம் நிரப்பக் கணித்தது எதுவும் இல்லை.

3.43 என்ற எண்ணோடு 6 மெகாபிக்சல் கேமராக்களின் அருகில் நிற்க நேர்ந்தது எஸ்டி9க்கு நியாயமாக அமையவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஃபோவியான் தரப்பின் வாதம் வலுவானது: கேனானும் நிக்கானும் 6 மெகாபிக்சல் என்று எண்ணுவது ஒரு நிறத்தை மட்டும் அளக்கும் உறுப்புகளை, அதே முறையில் எண்ணினால் எங்களிடம் 10.3 இருக்கிறது. வழிகாட்டுதலின் சொற்களை வைத்துப் பார்த்தாலும், மூன்று அடுக்குகளுமே லென்ஸ் வழி ஒளியைப் பெறுகின்றன, மூன்றுமே இறுதிப் படத்தில் பங்கேற்கின்றன என்று வாதிட இடமிருந்தது. அடுத்த ஆண்டு, 2003இல், அதே எண்ணிக்கை உணர்புள்ளிகளோடு எஸ்டி10 வந்தபோது 10.2 மெகாபிக்சல் என்ற எண் முன்னுக்கு வந்துவிட்டது.

எதிர்த்தரப்பின் வாதம் எளிமையானது: மெகாபிக்சல் என்றால் வாங்குபவர் படத்தின் பரப்பளவைத்தான் எதிர்பார்க்கிறார். அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் அச்சிட்டால் எஸ்டி14இன் கோப்பு 8.8 அங்குல அகலம்தான் வரும். 14 மெகாபிக்சல் பேயர் கேமராவின் கோப்பு 15 அங்குலத்தைத் தாண்டும். சுவரில் மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும் என்று கேமரா வாங்கியவருக்கு இந்த வேறுபாட்டை அடுக்குகளைக் காட்டி விளக்கித் திருப்திப்படுத்த முடியாது. எஸ்டி14இல் 4608 × 3072 அளவில் ஜேபெக் எழுதும் வசதியும் தரப்பட்டது. 47 இலட்சம் இடங்களில் அளந்ததை 1.4 கோடி பிக்சலாக நீட்டிய கோப்பு அது. விளம்பர எண்ணுக்கு ஈடாக ஒரு கோப்பும் கிடைத்தது என்பதைத் தவிர அதில் புதிய விவரம் ஏதும் இல்லை. ஃபியூஜிஃபில்மை எதற்காகக் குறை சொன்னார்களோ, அதே வேலை.

இரண்டு தரப்பும் தவிர்த்த கேள்வி ஒன்று உண்டு: எதைப் படம் எடுக்கிறோம்? வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தை எடுத்தால், அந்த ஒளி பேயர் சென்சாரின் எல்லா வடிகட்டிகளையும் கடந்து போகும். டி60இன் 63 இலட்சம் உணர்புள்ளிகளும் ஓரளவுக்குப் பயன்படும். எஸ்டி9இல் 34.3 இலட்சம் இடங்கள்தான். ஒரே இடத்தில் மூன்று முறை அளப்பதால் எழுத்தின் விளிம்பு கூடுதலாகத் தெரிந்துவிடாது. இதுவே அடர்சிவப்புப் பட்டுத் துணியின் நெசவை எடுத்தால் நிலைமை தலைகீழ். பச்சை, நீல வடிகட்டிகளின் கீழுள்ள உணர்புள்ளிகளுக்கு அந்தச் சிவப்பு ஏறக்குறைய எட்டுவதே இல்லை. டி60இல் உருப்படியாக வேலை செய்பவை 63 இலட்சத்தில் கால் பங்கு, சுமார் 16 இலட்சம் மட்டும். எஸ்டி9இல் சிவப்பை அளக்கும் அடியடுக்கு முழுதாக 34.3 இலட்சம் இடங்களில் இருக்கிறது; இழை இழையாகப் பிரிந்து தெரியும். ஆக, தாளில் பின்தங்கும் கேமரா துணியில் இரண்டு மடங்குக்கு மேல் முந்துகிறது. பொதுவான காட்சிகளில் எஸ்டி9 ஏறக்குறைய 6 மெகாபிக்சல் கேமராக்களின் அண்டையில் வைத்துப் பேசப்பட்டது. பேயர் கேமராக்கள் பலவற்றில் விளிம்புகளைச் சற்றே மென்மையாக்கும் வடிகட்டி ஒன்று சென்சாருக்கு முன்னால் இருந்ததும், எஸ்டி9இல் அது இல்லாததும் இதற்கு ஒரு காரணம். மொத்தத்தில் 3.4 என்ற எண்ணும் அந்தக் கேமராவைச் சரியாகச் சொல்லவில்லை, 10.3 என்ற எண்ணும் சொல்லவில்லை.

இன்னொரு திருத்தமும் இங்கே தேவை. மேலடுக்கு நீலம், நடுவடுக்கு பச்சை, அடியடுக்கு சிவப்பு என்று சொல்வது வசதிக்காக மட்டுமே. மேலடுக்கில் நீலம் அதிகம் உறிஞ்சப்படும் என்றாலும் பச்சையும் சிவப்பும் அதில் கணிசமாகப் பதியும். மூன்று அடுக்குகளின் உணர்திறனும் ஒன்றன்மேல் ஒன்று பெரிதும் கவிந்து கிடப்பதால், அவற்றிலிருந்து நிறங்களைப் பிரித்தெடுக்கப் பெரிய பெருக்கெண்களைக் கொண்ட கணக்கு தேவைப்படுகிறது; அந்தக் கணக்கு இரைச்சலையும் சேர்த்தே பெருக்குகிறது. குறைந்த ஒளியில் இந்தக் கேமராக்கள் தடுமாறியதற்கு இதுவே முதன்மைக் காரணம். "ஒவ்வொரு பிக்சலும் முழு நிறத்தை அளக்கிறது" என்ற வாசகம் அந்த அளவுக்குச் சற்று மிகை. ஓர் இடத்தில் மூன்று அளவீடுகள் உள்ளன, அவற்றிலிருந்து நிறம் கணிக்கப்படுகிறது என்பதே சரி.

46 குறைந்து 39 ஆன கதை

ஃபோவியானை 2008இல் சிக்மாவே வாங்கிக்கொண்டது. 2011இல் எஸ்டி1 வந்தது: 4800 × 3200 உணர்புள்ளிகள், மூன்று அடுக்கு, 46 மெகாபிக்சல் என்ற விளம்பரம். கோப்பில் 4704 × 3136, அதாவது 1.48 கோடி பிக்சல். அமெரிக்காவில் அதன் பட்டியல் விலை 9,700 டாலர். மறு ஆண்டே எஸ்டி1 மெரில் என்ற பெயரில் ஏறத்தாழ 2,300 டாலருக்கு வந்துவிட்டது. சென்சாரை உருவாக்கியவர்களில் ஒருவரான டிக் மெரிலின் நினைவாக வைத்த பெயர் அது. விலைச் சரிவுக்குக் காரணங்கள் பல இருக்கலாம். ஆனால் 46 என்ற எண்ணைப் பெரிய சென்சார் கொண்ட, விலை மிகுந்த நடுத்தர வடிவக் கேமராக்களின் எண்ணோடு ஒப்பிட்டு விலை வைத்ததைச் சந்தை ஏற்கவில்லை என்றே நான் படிக்கிறேன்.

2014இல் டிபி2 குவாட்ரோ. எண்ணும் முறையின் ஓட்டை முழுதாகத் தெரிந்தது இதில்தான். மூன்று அடுக்குகளும் ஒரே எண்ணிக்கையில் இருக்க வேண்டியதில்லை என்று முடிவெடுத்த பொறியாளர்கள், மேலடுக்கில் 5424 × 3616, அதாவது 1.96 கோடி ஒளிடையோடுகளையும், கீழிரண்டு அடுக்குகளில் தலா 2712 × 1808, அதாவது 49 இலட்சம் ஒளிடையோடுகளையும் அமைத்தார்கள். மேலே நான்குக்குக் கீழே ஒன்று. மேலடுக்கில் எல்லா நிறங்களும் ஓரளவு பதிகின்றன என்று சற்றுமுன் சொன்னோமே, அந்தக் குறையே இங்கே பயனாயிற்று: நுண்விவரத்துக்கு மேலடுக்கு, நிறத்துக்குக் கீழடுக்குகளின் துணை. நான்குக்கு நான்கு துண்டில் அளவீடுகள் 16, 4, 4, ஆக 24. கோப்பின் மதிப்புகள் 48. சரிபாதி கணிப்பு.

பழைய முறைப்படி மூன்றால் பெருக்க இனி வழியில்லை. உள்ளபடி எண்ணினால் மொத்த ஒளிடையோடுகள் 2.94 கோடி, எஸ்டி1இன் 4.6 கோடியை விட மிகக் குறைவு. 46 போட்டுவிட்டு 29 போட எந்த விற்பனைப் பிரிவுதான் சம்மதிக்கும்? சிக்மா தந்த எண் வேறு: "39 மெகாபிக்சலுக்கு ஈடான தெளிவு." இதன் கணக்கு எளிதாகப் புரிகிறது. பேயர் சென்சாரில் நுண்விவரத்தைப் பெரிதும் தாங்கும் பச்சை, மொத்தத்தில் பாதி, ஆகவே 1.96 கோடி இடங்களிலும் ஒளிர்வை அளக்கும் அடுக்கு, 3.9 கோடி உணர்புள்ளி கொண்ட பேயருக்கு ஈடு. வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் இந்த இரட்டிப்பு முறையைப் பின்னோக்கி எடுத்துச் சென்றால் எஸ்டி9 வெறும் 6.9, எஸ்டி14 வெறும் 9.4, எஸ்டி1 வெறும் 30.7. அவற்றை முறையே 10, 14, 46 என்று விற்றவர்களே இந்தப் புதுக் கணக்கையும் தந்தார்கள்.

விளைவு விசித்திரமானது. எஸ்டி1இலிருந்து குவாட்ரோவுக்குப் போகும்போது விளம்பர எண் 46இலிருந்து 39ஆக இறங்கியது, ஒளிடையோடுகள் 4.6 கோடியிலிருந்து 2.94 கோடியாக இறங்கின. கோப்பின் பிக்சலோ 1.48 கோடியிலிருந்து 1.96 கோடியாக ஏறியது. எது முன்னேற்றம் என்பதை எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. குவாட்ரோவிலும் 7680 × 5120 என்ற நீட்டிய ஜேபெக் அளவு இருந்தது. அதைப் பெருக்கினால் 39.3 மெகாபிக்சல்.

பிற சென்சார்களில்

இது ஒரு நிறுவனத்தின் விளம்பரத் தந்திரம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதற்கு 2013இல் வந்த கேனான் 70டி சான்று. அதன் 2.02 கோடி உணர்புள்ளிகள் ஒவ்வொன்றிலும் இரண்டு ஒளிடையோடுகள் உண்டு. இடப்பக்கத்து ஒளிடையோடும் வலப்பக்கத்து ஒளிடையோடும் பெறும் படங்களை ஒப்பிட்டுக் கேமரா குவியத்தைக் கணிக்கிறது, படம் எழுதும்போது இரண்டையும் சேர்த்துவிடுகிறது. ஒளிடையோடுகளை எண்ணினால் 4 கோடி. கேனான் 20.2 மெகாபிக்சல் என்றே விற்றது. சிக்மாவின் முறையைப் பின்பற்றியிருந்தால் 40 என்று போட்டிருக்கலாம். எண்ணில் காட்டிய இந்த ஒழுங்கு பெயரில் இல்லை. தொழில்நுட்பத்துக்கு வைத்த பெயர் "டூயல் பிக்சல்". உண்மையில் அங்கே பிக்சல் ஒன்று, ஒளிடையோடுதான் இரண்டு.

கைபேசிக்கு வந்தால் நிலைமை இன்னும் முற்றியிருக்கிறது. 2018இல் சோனி அறிவித்த ஐஎம்எக்ஸ்586 சென்சாரில் 8000 × 6000, அதாவது 4.8 கோடி உணர்புள்ளிகள், ஒவ்வொன்றும் 0.8 மைக்ரான். ஆனால் நிற வடிகட்டி ஒவ்வோர் உணர்புள்ளிக்கும் மாறுவதில்லை. இரண்டுக்கு இரண்டு என நான்கு அண்டை உணர்புள்ளிகள் ஒரே நிறத்தின் கீழ் இருக்கும். குறைந்த ஒளியில் நான்கையும் கூட்டி 4000 × 3000, அதாவது 12 மெகாபிக்சல் கோப்பைத் தரும். நல்ல வெயிலில் அளவீடுகளைக் கணக்கின் மூலம் வழக்கமான பேயர் வரிசைக்கு மாற்றி அமைத்து 48 மெகாபிக்சல் கோப்பையும் தரும். 48 என்ற எண் சென்சாருக்குப் பொருந்தும். கைபேசியைக் கையில் எடுத்துச் சாதாரணமாகப் பொத்தானை அழுத்துபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் 12. மேலும், எஃப் 1.8 துளையுள்ள லென்ஸ் எவ்வளவு குறையற்றதாக இருந்தாலும், பச்சை ஒளியின் ஒரு புள்ளி சென்சாரில் சுமார் 2.4 மைக்ரான் விட்டமுள்ள வட்டாகத்தான் விழும். மூன்று உணர்புள்ளி அகலம் அது. 4.8 கோடி என்பதை 4.8 கோடி தனித்தனி விவரங்கள் என்று எடுத்துக்கொள்ள இயற்பியல் இடம்தருவதில்லை.

விசித்திரம் என்னவென்றால், எண்ணும் பொருளுக்குத் தனிப்பெயர் வைக்கும் வழக்கம் இதே தொழில்துறையின் கேமராக்களிலேயே இருக்கிறது. 2007இல் வந்த நிக்கான் டி300 கேமராவின் முதுகுப்புறத் திரைக்கு "9.2 இலட்சம் டாட்" என்று விவரக்குறிப்பு. அந்தத் திரை 640 × 480 பிக்சல் கொண்டது. ஒவ்வொரு பிக்சலிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று ஒளிரும் கூறுகள். மூன்றால் பெருக்கினால் 9,21,600. திரையில் கூறுகளை எண்ணும்போது டாட் என்று வேறு பெயர் கொடுத்தார்கள். யாரும் ஏமாறவில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெயரைப் பார்த்துத் துருவிக் கேட்க ஒரு வழி இருந்தது. சிக்மா எண்ணியதும் இதே போன்ற கூறுகளைத்தான். பெயர் மட்டும் மாறவில்லை.

எஸ்டி14இன் விவரக்குறிப்பை நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: உணர்புள்ளிகள் 46.9 இலட்சம், ஒவ்வொன்றிலும் ஆழவாக்கில் மூன்று ஒளிடையோடுகள், ஆக 1.41 கோடி; பதிவாகும் படம் 2652 × 1768 பிக்சல். டி60க்கு: உணர்புள்ளிகள் 63 இலட்சம், ஒவ்வொன்றிலும் ஓர் ஒளிடையோடு, ஒரு நிற வடிகட்டி, பதிவாகும் படம் 3072 × 2048 பிக்சல், வண்ண மதிப்புகளில் மூன்றில் ஒன்று அளந்தது. இரண்டு வரிகளையும் அருகருகே வைத்தால் வாதத்துக்கே வேலை இருக்காது. அலுவலகங்களிலும் ஆய்வகங்களிலும் கேமரா வாங்க ஒப்பந்தப்புள்ளி கோருபவர்கள் "குறைந்தது இத்தனை மெகாபிக்சல்" என்று எழுதுவதைக் கைவிட்டு, பதிவாகும் படத்தின் அகலத்தையும் உயரத்தையும், நீட்டப்படாத அளவில், தனியே கேட்பது நல்லது. நுண்ணோக்கி, ஆவணப் பதிவு போன்ற வேலைகளுக்கு அதோடு உணர்புள்ளிகளின் இடைவெளியையும் மைக்ரானில் கேட்க வேண்டும். லென்ஸின் திறனோடு பொருத்திப் பார்க்க உதவும் எண் அதுதான்.

சிக்மா இப்போது பேயர் சென்சார் கேமராக்களைத் தயாரிக்கிறது. 2021இல் வந்த எஃப்பி எல் கேமராவின் பயனுறு பிக்சல் 61 மெகாபிக்சல். கோப்பு 9520 × 6328. இதற்கிடையே முழுச்சட்டக அளவிலான (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவுள்ள) புதிய ஃபோவியான் சென்சார் ஒன்றை அந்நிறுவனம் 2018 முதல் பேசி வருகிறது; பிறகு அதை முதலிலிருந்து தொடங்குவதாகவும் அறிவித்தது. குவாட்ரோவின் ஏற்றத்தாழ்வு அடுக்குமுறையை விட்டு, மூன்று அடுக்கும் சம எண்ணிக்கையில் இருக்கும் பழைய அமைப்புக்கே அது திரும்புகிறது. முன்பு வெளியிட்ட விவரப்படி ஓர் அடுக்குக்கு 2.03 கோடி, மூன்று அடுக்குக்கு 60.9 மெகாபிக்சல். அது அதே விவரத்தோடு வெளிவந்தால் ஒரே நிறுவனத்தின் இரண்டு கேமராக்கள் கடையில் 61 மெகாபிக்சல் என்று அருகருகே நிற்கும். ஒன்றின் கோப்பில் 6 கோடி பிக்சல் இருக்கும், மற்றதில் 2 கோடி.